சத்து மாத்திரை என்று ஒட்டிய டப்பா

சிட்டு,

நீயும் நானும் கூட்டுச் சேர்ந்து உன் வீட்டுக்காரரை ஆறு வருடமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், சுகமா என்று ஆரம்பித்தால் சுகத்திலேயே நாலு பக்கம் ஓடிவிடும், என் கை அப்படிப் பழகிய கை. சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், படி ஏறும்போது அப்பாவின் வலது முழங்கால் மட்டும் பழைய கதவு மாதிரி சத்தம் போடுகிறது, மற்றபடி குறை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இருக்கிறீர்களா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் நீ ஆமாம் என்பாய், எனக்கு அந்த ஆமாம் வேண்டாம்.

ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன், பதறாதே. வீட்டுக்கு அனுப்பினால் பார்சலை முதலில் பிரிப்பவர் மாப்பிள்ளைதான். இந்த இரண்டு வருட மோட்டார் சைக்கிள் பயணத்துக்காக இரண்டு போனை ஒன்றாக்கிவிட்டீர்கள், அதில் நான் எதை எழுதி அனுப்பினாலும் அவர் கண்ணில் படும், பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். உனக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபீஸில் கடைசி நாள், அதற்கடுத்த திங்கட்கிழமை கிளம்புகிறீர்கள், அதற்குள் தாராளமாகக் கிடைத்துவிடும் என்று கூரியர்க்காரர் சொல்கிறார். மருந்துக்கடையின் பின்னறையில் சிரப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன், மதியச் சாப்பாட்டு நேரம், கவுன்டரைக் கண்ணாடி அக்கா பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் ஆகி இப்போது கண்ணாடியே தேவையில்லை, ஆனாலும் நாங்கள் பெயரை மாற்றவில்லை. மாடி வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் மறுபடியும் ஒழுகி உன் பழைய அறையின் சுவர் ஊறிவிட்டது, கேட்டால் அந்த அம்மா அது மழைத் தண்ணீர் என்கிறாள், சோப்பு நுரையோடு மழை பெய்வதை நான் இந்த வீட்டில்தான் பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது நீயும் இருந்தாய், ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டார். கூடத்துத் தரை முழுக்க சாமான், நடுவில் சமையலறைத் தராசு. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும் என்று ஒன்பது வருடம் பார்த்த மனிதர், அவருக்கு உலகமே எடைதான். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டிவிட்டாராம், ஆளுக்கு ஆறு கிராம் மிச்சமாம். அப்பா வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே, "அப்ப பல்லும் பாதிதான் தேய்ப்பீங்களா மாப்ளே" என்று கேட்டார், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒம்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள்ள நின்னு மேல அண்ணாந்து பாத்தாச்சு மாமா, இனிமே வெளிய நின்னு பாக்கறேன்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு குனிந்து அந்த மூன்று டப்பாவையும் தூக்கித் தராசில் வைத்தார்.

"அத்தை, இந்த சத்து மாத்திரை மூணு டப்பா, கிட்டத்தட்ட நானூறு கிராம். இதுக்குப் பதிலா அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வச்சுக்கலாம். நீங்கதான் மருந்துக்கடைக்காரங்க, நீங்களே சொல்லுங்க, இத விட்டுட்டுப் போனா ஒண்ணும் ஆயிடாதே?" என்றார்.

உன் தலை திரையின் ஓரத்தில் தெரிந்தது, துணி மடித்துக்கொண்டிருந்தாய். நீ நிமிர்ந்து ஏதாவது சொல்வாய் என்று நான் காத்திருந்தேன், அம்மா ஏதாவது சொல்லட்டும் என்று நீ காத்திருந்திருப்பாய். அப்பா என் முகத்தைப் பார்த்தார், அவரைப் பொறுத்தவரை உன் நோய் உன் பதினெட்டாம் வயதோடு ஓடிப்போய்விட்டது, டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று அவரிடமும் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "ஒண்ணும் ஆகாது மாப்ளே, காய் பழம் நல்லா சாப்பிட்டாப் போதும்" என்றேன். இருபத்திரண்டு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்த வாய், யாராவது ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளை விட்டுவிட்டேன் என்று சொன்னால் கவுன்டரைத் தாண்டிப் போய்த் திட்டுகிற வாய், பெற்ற மகளின் வலிப்பு மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ, ஒன்றும் ஆகாது என்று சொன்னது. அவர் உன் பக்கம் திரும்பி "அத்தையே சொல்லிட்டாங்க" என்று கத்தினார், பட்டியலில் ஒரு கோடு போட்டார். நேற்று ஒருத்தர் இருமல் மருந்து கேட்டதற்கு வயிற்றுப்போக்கு மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், கண்ணாடி அக்கா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் அந்த டப்பாவை வெறுக்கக் காரணம் வேறு, உனக்கு நினைவிருக்கும். போன வருடம் ஜலதோஷம் பிடித்தபோது உடம்புக்குத் தெம்பு வரட்டும் என்று உன் டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து விழுங்கிவிட்டுப் பகல் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார், மறுநாள் எனக்குப் போன் போட்டு, "அத்தை, உங்க சத்து மாத்திரை சாப்ட்டா இருக்கற சத்தும் போயிடுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு இதே பின்னறையில் இதே பெட்டி மேல் உட்கார்ந்து, அவர் விழுங்கியது என்ன செய்யும் என்று மருந்துத் தாளைப் பிரித்துப் படித்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த மாதமும் அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி எடுத்து, அதே நிறம் அதே அளவு சத்து மாத்திரை டப்பா தேடி, அதற்குள் போட்டு மூடி அனுப்பினேன். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், அட்டையை எப்படி வெட்டினாலும் மருந்தின் பெயரும் தேதியும் வாங்குகிறவர் கையில் போக வேண்டும் என்பது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அதைச் செய்தேன், உனக்கு மட்டும் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று ஒரு தடவையாவது உனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் பரீட்சை அறையில் நீ விழுந்தாய். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளின் அம்மாக்கள் மறுநாளே வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்கள், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இல்லை, தங்கள் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைக்கச் சொல்லி. அதையும் பொறுத்தேன். உனக்கு முதலில் பேசி வந்த இடத்தில் நான் மறைக்கவில்லை, உட்கார வைத்து உள்ளது உள்ளபடி சொன்னேன், மாத்திரை ஒழுங்காகப் போட்டால் எல்லாரையும் போல வாழ்வாள் என்று டாக்டர் எழுதிய கடிதத்தைக் காட்டினேன். பையனின் அம்மா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். "நல்லவேளை முன்னாடியே சொன்னீங்க" என்றாள், சொல்லிக்கொண்டே நீ குடித்து வைத்த டம்ளரை ஒரு விரலால் தள்ளித் தன் டம்ளரிலிருந்து தூரமாக வைத்தாள். ஒட்டிக்கொள்ளும் நோயாம். படித்தவளாம். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது, மாடி வீட்டம்மா உன்னிடம் கணக்குப் படிக்க வந்த பெண்ணை நிறுத்திக்கொண்டாள். உண்மை சொன்னால் இந்த உலகம் என்ன கொடுக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். இனி இந்த வாயிலிருந்து அது வராது என்று முடிவு கட்டினேன்.

பிறகு உன் ஆபீஸ் லிஃப்டில் நீ மாட்டிக்கொண்டாய், திறந்துவிட வந்தவர் உன்னைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் நீ என்னிடம் வந்து, "அம்மா, அவர்ட்ட சொல்லிடறேன், அவர் அப்படிப்பட்டவர் இல்ல" என்றாய். மூன்று தடவை வந்தாய். "கல்யாணம் ஆகட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்று மூன்று தடவையும் நான்தான் உன் வாயை மூடினேன். அந்த மெதுவாவுக்கு இப்போது ஆறு வயது. உன்னைப் பொய்க்காரி ஆக்கியது நான், அதை உன்மேல் தள்ளிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். வருடம் ஒரு தடவை நீ இங்கே வரும்போது பல் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போகிறோம், "இவ்வளவு நல்ல பல்லுக்கு வருஷா வருஷம் என்ன வைத்தியம்" என்று மாப்பிள்ளை உன் பல்லைப் பார்த்து வியக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாம் ஒரு தோட்டத்தையே மறைத்து வைத்திருக்கிறோம்.

அதற்கு என்ன விலை கொடுத்தாய் என்று நினைத்துப் பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்சல் எங்கோ மாட்டிக்கொண்டு ஒன்பது நாள் தாமதமானது, ஆறாவது நாள் நீ குளியலறையில் விழுந்தாய், புருவத்தில் நாலு தையல். ஈரத்தில் வழுக்கிவிட்டது என்றாய். அந்த மனிதர் மறுநாளே குளியலறை முழுக்க ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். அது போதாதென்று அடுத்த தடவை இங்கே வந்தபோது எங்கள் குளியலறைக்கும் அளவெடுத்து வெட்டிக்கொண்டு வந்து போட்டார், தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து ஓரத்தை அழுத்தி அழுத்தி ஒட்டினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வாய் வரை வந்தது, "மாப்ளே காபி குடிக்கறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மதியம் நீ ஆபீஸிலிருந்து பேசினாயே, அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. மாத்திரையை எங்காவது ஒளித்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்வாய் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன், அதற்கு எப்படி உதவலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், என் புத்தி அவ்வளவுதான். நீ சொன்னது வேறு. "ரெண்டு வருஷமா ஒண்ணும் வரலம்மா. போயிருச்சுன்னுதான் நெனக்கிறேன். வேலைய விடறேன், வீட்ட விடறேன், எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே போறேன், கிளம்பற அன்னிக்குக் காலைல போடறதுதான் கடைசி. புதுசா இருக்கணும்மா எனக்கு" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம், சின்ன வயதில் பரீட்சை முடிந்து வரும்போது இருக்குமே, அது. சரி பிறகு பேசலாம் என்று நீயே வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு ஆபீஸ் நம்பருக்கு எத்தனை தடவை போட்டாலும் "சீட்ல இல்லீங்கம்மா" என்று ஒரு பெண் சொல்கிறாள், பாவம், அவளுக்கும் பொய் சொல்ல வரவில்லை.

கேள் சிட்டு. இரண்டு வருடமாக வரவில்லை என்றால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை, மாத்திரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்ல டாக்டர் வேண்டாம், என் கவுன்டரில் ஒரு வாரம் நின்றால் போதும். நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை என்று நிறுத்தியவர்களை நான் வரிசையாகப் பார்க்கிறேன். எதிர்க்கடைத் தையல்காரர் ரத்த அழுத்த மாத்திரையை அப்படித்தான் நிறுத்தினார், இப்போது அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டு போகிறாள், அவர் இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. உன் மாத்திரை அதைவிட மோசம், திடீரென்று நிறுத்தினால் முன்பு வந்ததைவிடப் பெரிதாக வரும், ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும், எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. மிரட்டுவதற்காக எழுதவில்லை. மிரண்டுபோய் எழுதுகிறேன்.

அதோடு வண்டி வேறு ஓட்டப் போகிறாய். இத்தனை வருடம் பயமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி ஸ்கூட்டரைக்கூடத் தொடாமல் இருந்தாயே, அந்தச் சாக்கை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே கண்டுபிடித்தோம். உன் பயத்தைப் போக்குகிறேன் என்று அவர் உன்னைப் பழைய குடோன் மைதானத்துக்குக் கூட்டிப்போய்த் தினம் காலையில் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளைப் பழக்கிவிட்டார், நீ தனியாக ஓட்டி வட்டமடிக்கும் வீடியோவை எங்களுக்கு அனுப்பினார், "ஒருநாள் நான், ஒருநாள் அவ" என்று எழுதியிருந்தார். அப்பா கை தட்டினார். தன் டயர் கடைக்கு எடுத்துப்போய் டயர் மாற்ற வந்தவர்களிடமெல்லாம் காட்டினார், அவருக்கு உலகத்தில் உள்ள ஆபத்தெல்லாம் டயரில்தான் இருக்கிறது, எந்த ரோட்டுக்கு எவ்வளவு காற்று என்று ஒரு தாள் முழுக்க எழுதி வைத்திருக்கிறார், இதோடு இருக்கிறது. ஒருவர் தரையில் விரிப்பு போடுகிறார், ஒருவர் டயருக்குக் காற்று எழுதுகிறார், இரண்டு ஆம்பளைகளும் உன்னைக் காப்பாற்ற என்னென்னவோ செய்கிறார்கள், எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் நாம் அவர்களிடம் சொல்லவில்லை. நான் அந்த வீடியோவில் உன் முகத்தை மட்டும் பார்த்தேன். கண் ஒரு நொடி நிலைகுத்தினால் போதுமே என்று பார்த்தேன். மலைப் பாதையில் நீ ஓட்டும் நாளில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். அவரும் ஒருத்தி பெற்ற பிள்ளை.

சரி அம்மா, பழையபடி டப்பாவில் போட்டே ஒளித்து எடுத்துப் போகிறேன் என்று நீ இப்போது நினைப்பாய். அதுவும் முடியாது. இத்தனை நாள் வீட்டு அலமாரிக்குள் செல்லுபடியான பொய் அது. வெளியே ஒரு பெயர் ஒட்டி உள்ளே வேறு மாத்திரை, அட்டை இல்லை, சீட்டு இல்லை, இதோடு ஒரு எல்லையில் போய் நின்றால் அந்த அதிகாரி உன்னை என்னவென்று நினைப்பான்? மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் உட்கார வைப்பான், அது என்ன மாத்திரை என்று அவரைத்தான் முதலில் கேட்பான், சத்து மாத்திரை என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். இரண்டு வருடத்துக்கான மாத்திரையை மொத்தமாக எடுத்துப் போகவும் முடியாது, போகிற இடத்தில் வாங்க வேண்டும், டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த நாட்டிலும் கொடுக்க மாட்டார்கள். பயணக் காப்பீட்டுப் படிவத்தை நீதான் நிரப்பினாயாம், "நோய் இருக்கான்னு கேட்ட எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டா, குத்துக்கல்லாட்டம் இருக்கோம்ல" என்று அவர் பெருமையாகச் சொன்னார். நீ காப்பீட்டு ஆபீஸில் என்ன வேலை பார்க்கிறாய்? நோயை மறைத்தார் என்று கோடு போட்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் வேலை. உனக்குத் தெரியாதா?

அந்த வேலையை விட்டதற்கு நான் உன்னைத் திட்டவில்லை, முதலில் திட்டினேன், பிறகு யோசித்தேன். நாளுக்கு இத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியாக வேண்டும் என்று கணக்கு வைத்து, கழிவறைக்குப் போன நிமிடத்தைக்கூட எண்ணுகிற இடம். உன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் மேஜையிலேயே வலிப்பு வந்து விழுந்தாள், அடுத்த வாரம் வேலைக்குத் தகுதியில்லை என்று அவளுக்குக் கடிதம் கொடுத்தார்கள், அவள் தன் பொருட்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனபோது நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்ததாகச் சொல்லி என்னிடம் அழுதாய். அங்கே ஒளிந்து ஒளிந்து உனக்கு மூச்சு முட்டிவிட்டது. எனக்குப் புரிகிறது. அந்த ஆபீஸை விடு, அந்த வீட்டை விடு, இரண்டு வருடம் இல்லை நாலு வருடம் சுற்று, யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், மாடி வீட்டம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒளிவதை மட்டும் கூடவே கட்டி எடுத்துக்கொண்டு, மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாயே, விட வேண்டியதை எடுத்துக்கொண்டு எடுக்க வேண்டியதை விடுகிறாயே.

செவ்வாய்க்கிழமை கடையில் சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போய் வந்தேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்துத்தான் பார்த்தார். கேட்டதும் கோபப்பட்டார். "நிறுத்தறதா? யார் சொன்னது? வண்டி ஓட்டவே கூடாதும்மா, நான் பாத்து சொல்ற வரைக்கும்" என்றார். கிளம்புவதற்கு முன் உன்னிடம் நேராகப் பேசியாக வேண்டும், போன் போடச் சொல்லுங்கள் என்றார், எந்த நாட்டில் காட்டினாலும் புரியும்படி ஒரு கடிதமும் மருந்துச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். பிறகு தலையைத் தூக்காமலே, "கூட இருக்கறவருக்கு என்ன செய்யணும்னு தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் டாக்டர் என்றேன். நாக்கு தானாகவே சொல்கிறது சிட்டு, பழகிவிட்டது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, இன்னொரு தாள் எடுத்து மாப்பிள்ளைக்கு என்று தனியாக எழுதினார். விழுந்தால் பக்கவாட்டில் படுக்க வை, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது கொடு, வாயில் எதையும் திணிக்காதே, கை காலை அழுத்திப் பிடிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஆறே வரி. இந்த ஆறு வரி தெரியாமல் ஒரு மனிதர் ஆறு வருடம் உன் பக்கத்தில் படுத்திருக்கிறார். ஆள் இல்லாத ரோட்டில், பாஷை தெரியாத ஊரில் நீ விழுந்தால் உன்னைச் சுற்றி ஒரே ஒரு ஆள்தான் இருப்பார், அவர் என்ன செய்வதென்று தெரியாமல் உன் வாயைத் திறக்கப் பார்ப்பார், தரை வழுக்கியதா என்று தேடுவார்.

நானே சொல்லிவிடுவேன் என்று உன்னை மிரட்ட ஆசைதான். நேற்றுக் காலை உன் ஆபீஸ் நேரத்தில் வீட்டுப் போனுக்குப் போட்டேன், அவர்தான் எடுத்தார். "சொல்லுங்க அத்தை" என்றார். "அங்க குளிரா மாப்ளே" என்று கேட்டேன். "இல்ல அத்தை, வெயில்தான்" என்றார். "சரி" என்று வைத்துவிட்டேன். என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று உனக்குத் தெரிந்ததுதான். அந்தத் தலைமை ஆசிரியை டம்ளரைத் தள்ளியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது, மாப்பிள்ளை எதைத் தள்ளிவிடுவாரோ என்று பயம். கோபப்படுவார். நோய்க்காகக் கோபப்படமாட்டார், ஆறு வருடத்துக்காகக் கோபப்படுவார். படட்டும். அந்தக் கோபத்துக்கு உரியவள் நான், எங்கம்மாதான் சொல்லவிடவில்லை என்று சொல், பழியை என்மேல் போடு, அவர் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. பயணமே நின்றாலும் பரவாயில்லை. நீ உயிரோடு இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தால் போதும்.

பார்சலில் ஆறு மாதத்துக்கு மாத்திரை இருக்கிறது, இந்தத் தடவை அட்டையோடு, பெயர், தேதி எல்லாம் தெரியும்படி. வெட்டவில்லை. டாக்டர் கடிதம் இரண்டு பிரதி, மருந்துச் சீட்டு, மாப்பிள்ளைக்கான அந்தத் தாள், அப்பா எழுதிய காற்றுக் கணக்கு. எடை கூடிவிட்டது என்று சொல்ல வேண்டாம். அப்பாவிடம் நான் சொல்லிவிடுகிறேன், அது என் பாடு. போகிற இடத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நோய் நொடி அண்டாமல், கண்ணும் கருத்துமாகப் போய்த் திரும்பி வர வேண்டும், அம்மாவின் வாழ்த்து எப்போதும் உன் தலைமேல் இருக்கும். காலையும் இரவும் மாத்திரை, சாப்பிட்ட பிறகு. தூக்கம் கெடக் கூடாது. ஏரி, ஆறு எதிலும் தனியாக இறங்காதே. டாக்டரிடம் பேசும் வரை வண்டியைத் தொடாதே.

இப்படிக்கு,
உன்னைக் கெடுத்தவளும் உனக்காகப் பயப்படுகிறவளுமான
உன் அம்மா

பி.கு. நேற்றே எழுதி முடித்துவிட்டேன், உறையை ஒட்டுவதற்கு முன் இன்று மதியம் இன்னொரு தடவை ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். நீயே எடுத்துவிட்டாய். "அவர்ட்ட சொல்றியா இல்லயா" என்று மட்டும் கேட்டேன். உன் பின்னால் யாரோ காகிதங்களுக்கு ஸ்டாப்ளர் அடிக்கும் சத்தம் கேட்டது, ஏழெட்டு தடவை அடித்தார்கள், பிறகு நீ வைத்துவிட்டாய். அதனால் மறுபடியும் இங்கே எழுதுகிறேன். திங்கட்கிழமை வண்டி கிளம்புவதற்கு முன்னால் அவரை எதிரில் உட்கார வைத்து உன் வாயால் சொல். சொல்வாயா, மாட்டாயா? எனக்குப் பதில் வேண்டும்.